மெருகும் கண்ணாடிப்பூச்சும்: போர்த்துக்கீசிய ஓட்டோவிய ஆய்வும் தமிழ்க் கலைச்சொல்லும்

1. முன்னுரை

போர்த்துக்கீசியர் தொடர்பால் தமிழில் வந்து கலந்த சொற்களுள் ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, கிராதி ஆகியன வீட்டோடு ஒட்டியவை. ஆனால், தம் வீட்டின் சுவரையும் கோயிலின் சுவரையும் போர்த்துக்கீசியர் எதனால் அணிசெய்தனரோ அப்பொருளின் பெயர் தமிழுக்கு வரவில்லை. அசுலேஜு எனப்படும் ஓவிய ஓடே அப்பொருளாகும். ஜன்னலும் சாவியும் தமிழர் வாழ்க்கைக்குள் புகுந்தன, அசுலேஜு புகவில்லை. பொருள் வந்தவழிச் சொல்லும் உடன்வரும். பொருள் வாராதவிடத்து மொழிபெயர்ப்பாளரே அதனைக் கொண்டுவர வேண்டியவராகிறார்.

இக்கட்டுரை தனியொரு நூலை மதிப்பிட எழுந்ததன்று. இவ்வோடுகளைக் குறிக்கத் தமிழில் எளிதாகக் கைக்கு வரும் 'மெருகேற்றிய ஓடு' என்னும் தொடரையும், அதனைச் சூழ்ந்த பிற பெயர்ப்புகளையும் மதிப்பிட முற்படுகிறது. அசுலேஜு பற்றிய அறிவியலாய்வும் கலை வரலாற்றாய்வும் எந்த வேறுபாட்டின் மேல் நிற்கின்றனவோ, அவ்வேறுபாட்டையே இத்தொடர் மறைத்துவிடுகிறது என்பது இங்கு நிறுவப்பெறும் கருத்தாகும். இதற்குரிய சான்றுகளைத் தேடி லிசுபனுக்குச் செல்லுமுன், தமிழர் பெருந்தொகையாக வாழும் மும்பையிலிருந்தே தொடங்கலாம்.

2. மும்பைத் தமிழரின் ஓடுகள்

தமிழில் 'ஓடு' என்பது பரந்த பொருளுடைய சொல். முட்டையோடு, ஆமையோடு, மண்டையோடு, திருவோடு, கூரையோடு எனப் பலவும் அதனுள் அடங்கும். உள்ளீடு ஒன்றனை மூடிநிற்கும் வன்மையான புறப்பகுதி, அல்லது சுட்ட மண்ணின் வளைந்த துண்டு என்பதே இவ்வழக்குகளுக்குப் பொதுவான கருத்து. கட்டடத் தொழிலில் நாட்டு ஓடு, சீமை ஓடு, தட்டோடு என்னும் பாகுபாடுகள் உள. மராத்தியில் கூரையோட்டுக்குக் 'கௌல்' என்றும் தரையில் பதிப்பதற்கு 'லாதி' என்றும் தனித்தனிச் சொற்கள் உண்டு. இன்றைய பேச்சுத் தமிழிலோ தரைக்கும் சுவருக்கும் உரியவை யாவும் 'டைல்ஸ்' என்னும் ஒரே சொல்லுள் அடங்கிவிட்டன. ஆங்கிலப் பன்மை வடிவம் தமிழில் ஒருமையாக நின்று 'ஒரு டைல்ஸ்' என வழங்குவது மொழியியலார் நன்கறிந்த மீள்பகுப்பே.

இவ்வொரு சொல்லின்கீழ் மும்பையில் எத்தனை பொருள்கள் உள என்று காண்போம். மாட்டுங்காவில் 1930களிலும் 1940களிலும் எழுந்த குடியிருப்புகளின் காலத்திற்குரிய பூவேலைத் தரையோடுகள் சிமெண்டால் ஆனவை. 1922இல் மும்பையில் தொடங்கப்பெற்ற பாரத் நிறுவனம் இவ்வகையில் பெயர்பெற்றது. இவை நெருப்பையே காணாதவை. நிறமி கலந்த சிமெண்டுக் குழம்பை அச்சில் வார்த்து, அழுத்தி, நீரில் ஊறவைத்து இறுகச் செய்தவை. செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல்லும் இவ்வினத்தைச் சார்ந்ததே. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து வந்த மின்டன் வகைத் தரையோடுகள் வேறு. அவற்றுள் பலவற்றில் வெவ்வேறு நிறமுடைய களிமண்களையே குழியில் நிரப்பிச் சுட்டனர். நிறம் அங்கு மேற்பூச்சில் இல்லை, மண்ணிலேயே உள்ளது. தாராவியின் கும்பார்வாடாவில் சௌராட்டிரப் பகுதியிலிருந்து வந்த குயவர் குடும்பங்கள் வனையும் கலங்கள் பெரும்பாலும் சுட்ட செம்மண்ணாய், மேற்பூச்சின்றி அமைவன. செம்பூரின் புதிய அடுக்ககங்களில் பதிக்கப்பெறும் 'விட்ரிஃபைடு டைல்ஸ்' என்பதிலோ, ஓட்டின் உடல் முழுவதுமே மிகுவெப்பத்தில் கண்ணாடித் தன்மை பெற்று நீர் புகாததாகிறது. அவ்வகையுள் ஒன்றைப் பொறியால் தேய்த்துப் பளபளப்பாக்குகின்றனர்.

ஆக, மெருகேற்றிய ஓடு என்னும் பெயர் சொல்லளவிலும் பொருளளவிலும் முற்றும் பொருந்துவது செம்பூர் அடுக்ககத்தின் தேய்த்த தரையோட்டுக்கேயன்றி லிசுபன் கோயிற் சுவரின் ஓட்டுக்கன்று. மெருகு என்பது தேய்த்துப் பெறும் ஒளி. பொற்கொல்லர் இடுவதும் மெருகே. சுடுமுன் கலத்தைக் கூழாங்கல்லால் தேய்த்துக் குயவர் பெறுவதும் மெருகே. தமிழகத் தொல்லியலில் கறுப்பு-சிவப்புக் கலங்களின் பளபளப்பைக் குறிக்க இச்சொல் தேவைப்படுகிறது. அசுலேஜுவின் ஒளியோ தேய்த்ததால் வந்ததன்று. மணலும் ஈயமும் நெருப்பில் உருகிக் கண்ணாடியாகிப் படிந்ததால் வந்தது. ஒன்று பரப்பின்மேற் செய்த வினை. மற்றொன்று பரப்பின்மேற் சேர்த்த பொருள். இரண்டையும் ஒரு சொல்லால் குறிப்பின், கீழடியின் மெருகிட்ட சில்லையும் லிசுபனின் ஓட்டையும் ஒரே தொழில்நுட்பத்தின் இரு நிலைகளெனக் கருதும் பிழைக்கு மாணவர் ஆளாவர்.

3. பெயரின் வரலாறும் ஓர் எதிர்வாதமும்

இவ்விடத்து ஓர் எதிர்வாதம் எழக்கூடும். அசுலேஜு என்னும் சொல், வழுவழுப்பான சிறுகல் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லின் வழிவந்தது. அரபுப் பெயர்ச்சுட்டு முன்னொட்டாய் ஒட்டிக்கொள்ள, ஐபீரிய மொழிகளில் அது ஒரே சொல்லாயிற்று. மூலப் பெயரே வழுவழுப்பைச் சுட்டுமாயின், தமிழில் மெருகு என்பதில் என்ன பிழை என்று வினவலாம்.

இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. ஒரு பொருளுக்கு மக்கள் இடும் பெயர் கண்ணுக்கும் கைக்கும் புலனாவதைப் பற்றி எழுவது. அது செய்முறையைச் சொல்ல வேண்டும் என்னும் கட்டாயமில்லை. ஆனால் பொருட்பெயர் வேறு, கலைச்சொல் வேறு. அசுலேஜு என்பது பொருளின் பெயர். அப்பொருளின் மேற்படலத்தைக் குறிக்கப் போர்த்துக்கீசிய ஆய்வாளர் 'விட்ராடு' என்னும் வேறொரு சொல்லை ஆள்கின்றனர். அது கண்ணாடி என்னும் சொல்லடியாகப் பிறந்தது. எனவே தமிழில் பொருளைக் குறிக்க அசுலேஜு என்பதையே கொள்வதும், படலத்தைக் குறிக்கக் 'கண்ணாடிப்பூச்சு' என்பதை ஆள்வதும் மூலமொழியின் பகுப்போடு ஒத்துச்செல்லும். 'பளிங்குப்பூச்சு' எனலாமெனினும், பளிங்கு என்பது இன்று சலவைக்கல்லையும் குறிப்பதால் மயக்கம் தரும்.

அசுலேஜுவைப் போர்த்துக்கீசிய மொழியில் நீலத்தைக் குறிக்கும் 'அசுல்' என்பதோடு இணைத்து 'நீல ஓடு' என்று விளக்குவதும் உண்டு. இது நாட்டார் சொற்பிறப்பியலின் பாற்படும். நீலத்தைக் குறிக்கும் அச்சொல் நீலமணிக்கல்லின் பாரசீகப் பெயரிலிருந்து வந்தது; இரண்டும் வேர் வேறானவை. 15, 16ஆம் நூற்றாண்டுகளின் அசுலேஜுக்கள் பச்சை, பழுப்பு, மஞ்சள், வெள்ளை, நீலம் எனப் பன்னிறத்தன. நீலமும் வெள்ளையும் மட்டுமே ஓங்கியது 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், சீனப் பீங்கானையும் ஒல்லாந்து ஓட்டையும் விரும்பிய சுவையால். தமிழிலும் இதற்கு ஒப்புமை உண்டு. பீங்கான் என்றவுடன் சீனத்தையே நினைக்கிறோம். சொல்லோ கிண்ணத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழிவந்தது. பொருளின் ஊரும் பெயரின் ஊரும் வேறாகலாம் என்பதற்கு இரண்டும் நல்ல சான்றுகள்.

எழுத்துப்பெயர்ப்புப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். உரோமன் எழுத்தை ஆங்கில முறையில் படித்து 'அசுலெஜோ' என எழுதுவது இயல்பாக நேர்வது. போர்த்துக்கீசிய மொழியில் அழுத்தம் பெறாத ஈற்று ஒகரம் உகரமாக ஒலிப்பதால் 'அசுலேஜு' என்பதே ஒலிக்கு நெருங்கியது. குற்றியலுகர ஈறு தமிழ்க்காதுக்கும் பொருந்துவது. கொலாசோ, பிரகான்சா முதலாக இந்தியாவில் வேரூன்றிவிட்ட ஆட்பெயர்களை மட்டும் வழக்குப்படியே விட்டுவிடலாம்.

4. செய்முறையும் சொல்லும்

16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிளாண்டர்சுக் குயவர் வழி லிசுபனில் பரவிய முறை இது: சுண்ணச்சத்து மிக்க களிமண்ணை ஏறத்தாழ 14 செ.மீ. பக்கமுடைய சதுரமாக்கி ஒருமுறை சுடுவர். சுட்ட ஓட்டின் மேல், மணல், காரீயம், வெள்ளீயம், காரவுப்பு ஆகியன சேர்ந்த பூச்சை நீரிற் கரைத்து ஊற்றுவர். அது உலர்ந்து வெண்பொடியாய் நிற்கும்போதே ஓவியர் அதன்மேல் தீட்டுவர். மீண்டும் ஏறத்தாழ 1000 பாகை செல்சியசு அளவில் சுடுகையில் பூச்சு உருகிக் கண்ணாடியாக, நிறமி அதனுள் அமிழ்ந்து நிற்கும். நீலத்திற்குக் கோபால்ட்டு, மஞ்சளுக்குக் காரீய-ஆன்டிமனிச் சேர்மம், ஊதாவுக்கு மாங்கனீசு, பச்சைக்குச் செம்பு என்பன நிறமிகள்.

இதில் காரீயம் பூச்சை எளிதில் உருகச்செய்வது. வெள்ளீயம் அதனை ஒளிபுகாததாக்குவது. உருகிய கண்ணாடியில் கரையாது எஞ்சும் வெள்ளீய ஆக்சைடின் நுண்படிகங்கள் ஒளியைச் சிதறடிப்பதாலேயே மங்கிய மண்ணுடல் மறைந்து வெண்மை தோன்றுகிறது. தமிழில் காரீயம், வெள்ளீயம் என்னும் பகுப்பு தொன்றுதொட்டு உள்ளது. அதனை விடுத்து 'ஈயப்பூச்சு' என்று மட்டும் எழுதினால் இவ்வாய்வின் அடிப்படையே அழியும். பாத்திரத்திற்கு ஈயம் பூசுதல் என்னும் வழக்கும் நம்மிடை உள்ளமையின், உலோகப் பூச்சென்று படிப்போர் மயங்கவும் இடமுண்டு. 'வெள்ளீயக் கண்ணாடிப்பூச்சு' எனின் மயக்கமில்லை.

முதற்சூட்டில் வெந்த பூச்சற்ற ஓட்டை ஐரோப்பியக் குயவர் 'பிஸ்கட்' என்னும் பொருளுடைய சொல்லால் குறிப்பர். அச்சொல்லின் இலத்தீன் மூலம் 'இருமுறை வெந்தது' என்பதாகும். குயவர் சூளையிலோ அது ஒருமுறை மட்டுமே வெந்ததைக் குறிக்கிறது. சொற்பொருள் பார்த்து 'இருசூட்டு ஓடு' எனப் பெயர்ப்பவர் உண்மைக்கு நேர்மாறானதை எழுதியவராவார். 'முதற்சூட்டு ஓடு' என்பதே தகும். சூளை, சூடு, வனைதல், பச்சைமண் எனத் தமிழ்க் குயவரின் சொற்கள் இங்கு உதவக் காத்திருக்கின்றன.

இதற்கு முற்பட்ட முறைகளின் பெயர்களிலும் இத்தகைய இடர் உண்டு. 'உலர்ந்த கயிறு' எனப் பொருள்படும் 'கோர்தா செக்கா' முறையில் முடிந்த ஓட்டில் கயிறெதுவும் காணப்படுவதில்லை. கொழுப்பும் மாங்கனீசும் கலந்த கோட்டால் ஒரு நிறம் மற்றொன்றோடு கலவாமல் தடுப்பர். 'எண்ணெய்க்கோட்டு முறை' எனின் செயல் விளங்கும். 'அரெஸ்தா' முறையிலோ ஈரமண்ணை அச்சில் அழுத்தி எழும் விளிம்புகளுக்கிடையே பூச்சை நிரப்புவர். இதற்கு நம் உழவரின் சொற்களை விடச் சிறந்தவை இல்லை: விளிம்பு வரப்பு, குழி பாத்தி. 'வரப்பு முறை' என்றால் நீர் தேங்கி நிற்கும் காட்சியே கண்முன் வந்துவிடும். நிற ஓடுகளை வெட்டிப் பொருத்தும் 'அலிகதாது' முறையை 'மொசைக்' எனப் பெயர்ப்பதும் தவறான தோற்றம் தரும். மாட்டுங்கா வீடுகளிலும் சென்னை வீடுகளிலும் மொசைக் என்பது கற்சில்லும் சிமெண்டும் கலந்து தேய்த்த தரையையே குறிக்கிறது. 'வெட்டோட்டுக் கோவை' எனலாம்.

5. கலை வரலாற்றுச் சொற்கள்

அசுலேஜு ஆய்வை முறைப்படுத்தியவர் ஜொவாவ் மிகேல் தோஸ் சாந்தோஸ் சிமோயென்ஸ் (1907-1972). 15, 16ஆம் நூற்றாண்டுகளைப் பற்றிய அவர்தம் தொகுதி 1969இலும், 17ஆம் நூற்றாண்டைப் பற்றியது 1971இலும், 18ஆம் நூற்றாண்டைப் பற்றியது அவர் மறைவுக்குப்பின் 1979இலும் வெளிவந்தன. லிசுபனில் 1509இல் நிறுவப்பெற்ற மாத்ரே தெ தேவுஸ் கன்னிமாடத்தில் அமைந்த அருங்காட்சியகம் 1980இல் தேசிய அசுலேஜு அருங்காட்சியகமாயிற்று.

இவர்தம் வகைப்பாட்டில் 17ஆம் நூற்றாண்டின் 'கம்பள' ஓடுகள் சிறப்பிடம் பெறுகின்றன. இரண்டுக்கு இரண்டு, நான்குக்கு நான்கு என ஓடுகளைச் சேர்த்து ஓர் அலகாக்கி, அவ்வலகை மீளமீள அடுக்கிச் சுவர் முழுவதையும் நிரப்புவர். இதனைத் தமிழில் விளக்கக் கோலத்தின் அலகு மீள்வையும் புள்ளிக் கணக்கையும் எடுத்துக்காட்டலாம். ஆனால் எடுத்துக்காட்டுவது வேறு. 'கோல ஓடு' எனப் பெயரே இட்டுவிடுவது வேறு. பெயர் கம்பளம் என்றே நிற்கவேண்டும். கீழைநாட்டுக் கம்பளமும் நெசவும் அவ்வடிவத்திற்கு முன்மாதிரியாயின என்னும் வரலாறு அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது.

18ஆம் நூற்றாண்டு மாளிகைகளின் வாயிலிலும் படிக்கட்டிலும் ஆளுயரத்தில் நின்று வருவோரை உள்ளே அழைக்கும் உருவங்களுக்கு 'அழைப்புருவம்' என்பதே போர்த்துக்கீசியப் பெயரின் பொருள். நம் கோயில் மரபை நினைந்து 'வாயிற்காவலர்' எனின் கருத்தே மாறும். துவாரபாலகர் தடுத்து நிறுத்தும் அதிகாரம் உடையவர். இவ்வுருவமோ தலைவணங்கி வரவேற்பது. பண்பாட்டு நிகரன் தேடும் ஆர்வம் எல்லை மீறுமிடம் இதுவாகும்.

6. இந்தியாவில் இரு சுவர்கள்

சொல் பிழைத்தால் காலமும் இடமும் பிழைக்கும் என்பதை இந்தியச் சான்றுகளாலேயே காட்டலாம். கொச்சி பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தின் தரையில் கையால் தீட்டிய நீல-வெள்ளை ஓடுகள் உள. 'நீல-வெள்ளை ஓடு', 'கேரளக் கடற்கரை' என்னும் இரண்டையும் கேட்டவுடன் போர்த்துக்கீசியருடையவை என எண்ணத் தோன்றும். அவை 18ஆம் நூற்றாண்டில் சீனத்துக் காண்டன் துறைமுகத்திலிருந்து வருவிக்கப்பெற்றவை, பீங்கான் உடலுடையவை. பீங்கான் உடல் முழுவதும் வெண்மையானது. அசுலேஜுவின் உடலோ மஞ்சள் அல்லது செம்மை கலந்த மண். வெண்மை பூச்சில் மட்டுமே. உடைந்த விளிம்பைக் கண்டாலே இவ்வேறுபாடு புலனாகும். உடலையும் பூச்சையும் தனித்தனியே பெயரிட்டுச் சொல்லும் மொழி இருந்தால்தான் இதனை எழுத முடியும். இரண்டையும் சேர்த்து 'மெருகேற்றிய நீல ஓடு' என்பவரால் இயலாது.

மற்றொரு சுவர் பனாஜியில் உள்ளது. மெனேசஸ் பிரகான்சா நிறுவனத்தின் முகப்புக் கூடத்தில் 1935ஆம் ஆண்டைச் சார்ந்த அசுலேஜுப் பலகங்கள், 1572இல் வெளிவந்த கமோயென்சின் லூசியாதர் காப்பியக் காட்சிகளைக் காட்டுகின்றன. அவற்றை ஆக்கியவர் ஜோர்ஜ் கொலாசோ (1868-1942). போர்ட்டோ நகரின் சாவ் பெந்து தொடர்வண்டி நிலையத்தில் ஏறத்தாழ 20,000 ஓடுகளால் அமைந்த சுவரோவியமும் அவருடையதே. கொலாசோவின் பணிகளில், உலர்ந்த பூச்சின்மேல் தீட்டும் பழைய முறையை விட்டு, ஏற்கெனவே சுட்டுக் கண்ணாடியான பரப்பின்மேல் தீட்டி மீண்டும் சுடும் முறையும் இடம்பெற்றுள்ளது. நீர்வண்ண ஓவியம் போன்ற மென்மை இதனால் கைகூடும். ஆயின் நிறம் கண்ணாடியுள் அமிழாமல் மேலே நிற்பதால் எளிதில் தேயவும் கூடும். 'பூச்சில் அமிழ்ந்த நிறம்', 'பூச்சின் மேல் நின்ற நிறம்' என்னும் இரு தொடர்களும் தமிழில் நிலைபெறல் வேண்டும். முன்னதைத் துடைக்கும் வகையால் பின்னதைத் துடைத்தால் ஓவியமே போய்விடலாம்.

மும்பைக்கும் இத்தொழில் முற்றிலும் புதிதன்று. 1870களில் ஜே.ஜே. கலைப்பள்ளியில் ஜார்ஜ் டெர்ரியின் முயற்சியால், சிந்துப் பகுதியின் கண்ணாடிப்பூச்சு மரபைத் தழுவி, மட்கலங்கள் செய்யப்பெற்றன. அஜந்தாவின் வடிவங்களும் அவற்றில் இடம்பெற்றன. அக்கலங்களை விளக்கவும் இதே சொற்கள் தேவைப்படும்.

7. சிதைவின் சொற்கள்

அறிவியலாய்வின் பெரும்பகுதி இன்று சிதைவைப் பற்றியது. எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறையால் ஓட்டைச் சிதைக்காமலேயே அதன் தனிமங்களை அறியலாம். வருடு மின்னணு நுண்ணோக்கியால் பூச்சும் உடலும் ஒட்டும் இடைப்பகுதியைக் காணலாம். ஏறத்தாழ 1520க்குப் பிற்பட்ட ஐரோப்பியக் கோபால்ட்டு நீலத்தில் ஆர்செனிக்கு கலந்துவருவது காலக்கணிப்பிற்குத் துணைசெய்கிறது.

சிதைவைக் குறிக்க 'வெடிப்பு' என்னும் ஒரே சொல் போதாது. சுட்டபின் ஆறும்போது பூச்சு உடலைவிட மிகுதியாகச் சுருங்கினால் அது இழுவிசைக்கு உட்பட்டு மயிரிழையாய்க் கீறும். உடல் மிகுதியாகச் சுருங்கினால் பூச்சு நெருக்குண்டு விளிம்பில் பெயர்ந்து விழும். முன்னதை 'மயிர்க்கீறல்' என்றும் பின்னதைப் 'பூச்சுப் பெயர்வு' என்றும் பிரித்தல் வேண்டும். இவையன்றிக் காலம் செல்லச்செல்ல மண்ணுடல் ஈரம் உறிஞ்சிச் சிறிது பருப்பதால் பின்னாளில் தோன்றும் கீறலும் உண்டு. சுவரில் ஏறும் உப்பு படிகமாகிப் பூச்சைத் தள்ளுவதும் உண்டு. கடற்காற்றும் நான்கு திங்கள் மழையும் உடைய மும்பை, கோவாக் கடற்கரைக்கு இக்கடைசிக் காரணங்கள் தொலைதூரச் செய்தியல்ல. காரணம் வேறாயின் மருந்தும் வேறு. நோயின் பெயரைப் பிழையாக எழுதியவன் மருந்தையும் பிழையாகவே எழுதுவான்.

போர்த்துக்கல்லில் 2007இல், திருட்டுக்குள்ளாகும் ஓடுகளைக் காக்கக் குற்றவியல் காவல்துறையின் அருங்காட்சியகம் 'எஸ்.ஓ.எஸ். அசுலேஜு' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. களவுபோன ஓட்டை மீட்கத் துணைநிற்பவை அதன் படமும் விளக்கக் குறிப்புமே. செம்மையான விளக்கம் வெறும் புலமைக்காக மட்டும் அன்று என்பதற்கு இது சான்று.

8. முடிவுரை

கலைச்சொற்கள் அனைத்தையும் ஆங்கில ஒலியிலேயே எழுதிவிடலாம் என்பாரும் உளர். ஆயின் 'கிளேஸ்' என்னும் ஒலி, அதனை முன்னரே அறிந்தவர்க்கன்றி எவர்க்கும் பொருள் தாராது. அனைத்தையும் தனித்தமிழில் ஆக்கவேண்டும் என்பதும் இங்குக் கருத்தன்று. கோபால்ட்டும் அசுலேஜுவும் அப்படியே நிற்கத்தக்கவை. பொருளின் பெயரைக் கடனாகக் கொள்க. செய்முறையின் பெயரைத் தொழிலாளர் சொல்லிலிருந்து ஆக்குக. மூலச்சொல்லின் வேர்ப்பொருளை நம்பிப் பெயர்க்காது, அச்சொல் குறிக்கும் செயலைக் கண்டு பெயர்க்க. இம்மூன்றுமே இவ்வாய்வால் பெறப்படும் நெறிகள்.

தாராவியில் தமிழ்வழி பயிலும் மாணவர் ஒருவர் கும்பார்வாடாவின் சூளைப் புகையைக் கடந்தே பள்ளிக்குச் செல்லக்கூடும். மண் நெருப்பில் என்னவாகிறது என்பதைக் கண்ணால் கண்டவர் அவர். லிசுபன் ஆய்வகத்தின் முடிவு அவரைத் தமிழில் சென்றடையும்போது, தாம் கண்ட சூளையோடு அதனைப் பொருத்திப் பார்க்க அவரால் இயலவேண்டும். மெருகு என்று எழுதினால் அவர் தேய்க்கும் கல்லை நினைப்பார். கண்ணாடிப்பூச்சு என்று எழுதினால் நெருப்பை நினைப்பார். நினைக்கவேண்டியது நெருப்பையே.